எட்டுப் பிரிவா, ஆறரை ஆண்டு ஆட்சியா: குத்துச்சண்டை பெல்ட்டை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான். மேனி பாக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். மார்வின் ஹேக்லர் மிடில்வெயிட் (160 பவுண்டு) என்ற ஒரே பிரிவில் நின்று, அங்கேயே ஓய்வு பெற்றவர். அப்படியானால் பாக்கியாவ்தான் பெரியவர் என்று பேச்சை முடித்துவிடலாமா? டெரன்ஸ் கிராஃபோர்ட், ஒலெக்சாண்டர் உசிக், நவோயா இனோவே போல நான்கு பெரிய அமைப்புகளின் பெல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்தவர்களை இந்த வரிசையில் எங்கே வைப்பது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் எத்தனை என்பதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அது யாரிடமிருந்து வந்தது, அவர் அப்போது எந்த நிலையில் இருந்தார், எந்த எடையில் சண்டை நடந்தது, வென்ற பிறகு யாரை எதிர்கொண்டார் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால் எட்டுப் பட்டங்களில் சில மிகப் பெரியவையாகவும் சில சாதாரணமாகவும் தெரியும். ஒரே ஒரு பெல்ட் பல பெல்ட்டுகளை மிஞ்சுவதும் தெரியும்.

பெல்ட்டை யார் தருகிறார்கள் என்பது தெரியாமல் இதைப் பேசமுடியாது. இன்று நான்கு அமைப்புகள் பெரியவை. 1921இல் நேஷனல் பாக்சிங் அசோசியேஷன் (என்பிஏ) என்ற பெயரில் தொடங்கி 1962இல் பெயர் மாறிய டபிள்யூபிஏ, 1963இல் மெக்சிகோ சிட்டியில் உருவான டபிள்யூபிசி, 1983இல் வந்த ஐபிஎஃப், 1988இல் வந்த டபிள்யூபிஓ. ஆண்கள் பிரிவில் வழக்கமான எடைப்பிரிவுகள் 17. நான்கால் பெருக்கினால் ஒரே நேரத்தில் 68 உலகப் பட்டங்கள். அதற்குமேல் டபிள்யூபிஏ ஒரே பிரிவில் 'சூப்பர்' சாம்பியன், 'ரெகுலர்' சாம்பியன் என்று இருவரை வைத்திருக்கும். இடைக்காலச் சாம்பியன் என்று மூன்றாமவரும் இருந்ததுண்டு. டபிள்யூபிசி 2009இல் பாக்கியாவ், கோட்டோ சண்டையை ஒட்டி 'டயமண்ட்' பெல்ட் கொண்டுவந்தது. 2019இல் கெனெலோ அல்வாரெஸுக்கு 'ஃபிரான்சைஸ்' சாம்பியன் என்று புதிய பெயர் வைத்தது.

இத்தனை பெல்ட் முளைத்ததற்குக் காரணம் பணம். பட்டச் சண்டை நடந்தால் குத்துச்சண்டை வீரரின் சம்பளத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு அமைப்புக்குப் போகும். பெரிய தொகைகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு மில்லியன் டாலர் வாங்குகிறவர் ஒரு பெல்ட்டுக்கு 30,000 டாலர் கட்டுகிறார். நான்கு பெல்ட் பணயம் என்றால் 120,000 வரை போகலாம். பெல்ட் இருந்தால் கட்டணம் வரும் என்னும்போது பெல்ட்டைப் பெருக்கத்தான் யாருக்கும் தோன்றும். நம் சிங்கப்பூரின் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) போலத்தான்: வாங்கினால் போதாது, காலக்கெடுவுக்குள் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கையை விட்டுப் போய்விடும். 2025 செப்டம்பரில் கெனெலோவை வென்ற டெரன்ஸ் கிராஃபோர்டிடமிருந்து அதே டிசம்பரில் டபிள்யூபிசி தன் பெல்ட்டைப் பறித்தது. காரணம் கட்டணத் தகராறு. வளையத்துக்குள் அவரை யாரும் வெல்லவில்லை.

தரவரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. டேரின் மோரிஸ் என்ற வீரர் 2000ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். 2001இல் டபிள்யூபிஓ தன் சூப்பர் மிடில்வெயிட் பட்டியலில் அவரை மேலே ஏற்றியது. ஐபிஎஃபைத் தொடங்கிய ராபர்ட் லீ, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் பணச்சலவை, வரி ஏய்ப்புக் குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். எனவே 'முதல் நிலைப் போட்டியாளரை வென்றார்' என்று எங்காவது படித்தால், எந்த அமைப்பின் முதல் நிலை என்று கேளுங்கள்.

பெல்ட் கைமாறும் விதம்தான் எண்ணிக்கையை மிகவும் குழப்புகிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் கட்டாயப் போட்டியாளரை, அதாவது அடுத்து மோத வேண்டியவர் என்று அது நியமித்தவரை, குறித்த காலத்துக்குள் சந்திக்கச் சொல்லும். பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை. நான்கு பெல்ட் வைத்திருப்பவருக்கு நான்கு திசையிலிருந்தும் கெடு வரும். ஆண்டுக்கு இரண்டு முறை சண்டையிடும் ஒருவரால் நான்கு பேரையும் திருப்திப்படுத்தவே முடியாது. அதனால்தான் கிராஃபோர்ட் 2017 ஆகஸ்டில் இண்டோங்கோவை மூன்றாம் சுற்றில் வீழ்த்தி நான்கையும் சேர்த்த அதே மாதத்தில் ஐபிஎஃப் பெல்ட்டை விட்டுவிட்டார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்ற உசிக், அடுத்த மாதமே ஐபிஎஃப் பட்டத்தைக் கைவிட்டார். அது டேனியல் டுபுவாவிடம் போனது. 2025 ஜூலையில் வெம்ப்லியில் அதே டுபுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி உசிக் அதைத் திரும்ப எடுத்தார். இதைப் பார்த்து 'டுபுவா உலகச் சாம்பியனாக இருந்தவர்' என்று எழுதலாம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஓராண்டுக் காலத்தில் ஹெவிவெயிட்டின் தலைவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இதற்குப் பழைய எடுத்துக்காட்டுகள் இன்னும் தெளிவானவை. 1978இல் முகமது அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், கென் நார்ட்டனை விட்டுவிட்டு அலியுடன் மறுசண்டைக்குப் போனதால் டபிள்யூபிசி அவர் பட்டத்தைப் பறித்து நார்ட்டனிடம் கொடுத்தது. நார்ட்டன் முதல் முறை அதைத் தற்காக்க இறங்கியபோது லாரி ஹோம்ஸிடம் தோற்றார். உலகப் பட்டச் சண்டை ஒன்றில்கூட வெல்லாமல் உலகச் சாம்பியன் பட்டியலில் இடம்பெற்றவர் அவர். 1992 டிசம்பரில் ரிடிக் போ, லெனாக்ஸ் லூயிஸைச் சந்திக்க மனமில்லாமல் லண்டனில் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். லூயிஸ் சாம்பியன் ஆனார். 2000ஆம் ஆண்டில் லூயிஸுக்கே இது நடந்தது. ஜான் ரூயிஸை விட்டு மைக்கேல் கிராண்டைத் தேர்ந்ததால் டபிள்யூபிஏ பட்டம் போனது. காலியான அந்தப் பட்டத்துக்கு ஹோலிஃபீல்டும் ரூயிஸும் மோதினார்கள். கடைசியில் அது ரூயிஸிடம் வந்தது. 2003 மார்ச்சில் ராய் ஜோன்ஸ் அதே ரூயிஸை வென்று 'முன்னாள் மிடில்வெயிட் சாம்பியன் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்' என்று வரலாற்றில் ஏறினார். 193 பவுண்டு உடலுடன் 226 பவுண்டு ஆளை 12 சுற்றும் ஆட்டிப்படைத்தது மகத்தான திறமை. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஹெவிவெயிட்டின் உண்மையான தலைவர் லெனாக்ஸ் லூயிஸ். ஜோன்ஸ் அவரைச் சந்திக்கவே இல்லை. பெல்ட்டின் வழியைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாக இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று லீனியல் பட்டம்: சாம்பியனை வளையத்துக்குள் வென்றவரே சாம்பியன், எந்த அமைப்பின் முடிவும் அதை மாற்றாது. மைக் டைசன் 1987 ஆகஸ்டில் டோனி டக்கரை வென்று அப்போதிருந்த மூன்று பெல்ட்டையும் சேர்த்துவிட்டார். ஆனாலும் ஹோம்ஸை வென்று லீனியல் பட்டத்தை வைத்திருந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தோற்காமல் இருந்தார். 1988 ஜூனில் 91 விநாடியில் ஸ்பிங்க்ஸை வீழ்த்திய பிறகுதான் டைசன் மேல் கேள்வி இல்லாமல் போனது. இரண்டாவது, 1922இல் தொடங்கிய 'தி ரிங்' இதழின் பட்டம். காலியிடத்தைப் பெரும்பாலும் முதல் இரு நிலையில் உள்ளவர்கள் மோதித்தான் நிரப்ப வேண்டும் என்பது அதன் கொள்கை. இதுவும் கறை படாதது என்று சொல்லமாட்டேன். 2007இல் இந்த இதழை வாங்கியது சண்டை ஏற்பாடு செய்யும் கோல்டன் பாய் நிறுவனம். 2024இல் அது சவூதியின் துர்க்கி அல்ஷேக் கைக்குப் போனது. லீனியலிலும் ஓட்டை உண்டு. சாம்பியன் ஓய்வு பெற்றால் வழி அறுந்துபோகும். வயதானவரிடம் போய் மாட்டிக்கொண்டால் பிரிவின் சிறந்தவர் வேறெங்கோ இருப்பார்: 1994இல் 45 வயதில் வென்ற ஜார்ஜ் ஃபோர்மன் அந்த வழியை 1997 வரை வைத்திருந்தார்.

இனி எடைக்கு வருவோம். பல பிரிவுப் பட்டங்களின் உண்மையான மதிப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பிரிவுகளின் எல்லைகளைப் பவுண்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 105, 108, 112, 115, 118, 122, 126, 130, 135, 140, 147, 154, 160, 168, 175, 200, அதற்குமேல் ஹெவிவெயிட். 115இலிருந்து 118க்குப் போக மூன்றே பவுண்டு, அதாவது 1.36 கிலோ, உடல் எடையில் 2.6 விழுக்காடு. 147இலிருந்து 154க்கு ஏழு பவுண்டு, 4.8 விழுக்காடு. 175இலிருந்து 200க்கு 25 பவுண்டு, 14 விழுக்காட்டுக்கும் மேல். எல்லாவற்றையும் 'ஒரு பிரிவு மேலே போனார்' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்குகிறோம். கீழ்ப்பிரிவுகளில் எலும்பமைப்பு சிறியது, ஒவ்வொரு பவுண்டும் வலிக்கும் என்பதும் உண்மைதான். இருந்தாலும் மூன்று பவுண்டும் 25 பவுண்டும் ஒன்றாகாது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பயன்படுகிறது. பழைய காலத்தில் மதிப்புள்ள பிரிவுகள் எட்டுத்தான்: 112, 118, 126, 135, 147, 160, 175, ஹெவிவெயிட். இடையில் உள்ளவை அவ்வப்போது தலைகாட்டினாலும் மதிப்பு இந்த எட்டுக்கே. இன்றைய வீரர்களின் பட்டங்களை இந்த எட்டுக்குள் மட்டும் எண்ணிப் பாருங்கள். பாக்கியாவ் வென்றவை 112, 122, 126, 130, 135, 140, 147, 154. இதில் பழைய பிரிவுகள் 112, 126, 135, 147. எட்டு நான்காகிறது. மேவெதரின் ஐந்து (130, 135, 140, 147, 154) இரண்டாகிறது. ஆஸ்கர் டி லா ஹோயாவின் ஆறு (130 முதல் 160 வரை) மூன்றாகிறது. ராபர்டோ டுரானின் நான்கு (135, 147, 154, 160) மூன்றாகிறது. ஆறும் நான்கும் சமமாகிவிட்டன பாருங்கள். டி லா ஹோயாவின் ஆறில் கடைசியாக வந்த 160, அதாவது 2004இல் ஃபெலிக்ஸ் ஸ்டர்முக்கு எதிரான புள்ளித் தீர்ப்பு, ஸ்டர்ம் வென்றார் என்று பலரும் கருதிய சண்டை.

இப்போது ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1937 அக்டோபரில் பீட்டி சாரனிடம் 126 பவுண்டுப் பட்டம், 1938 மே மாதம் பார்னி ராஸிடம் 147, ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸிடம் 135. பத்து மாதத்துக்குள் மூன்றும், அதுவும் ஒரே நேரத்தில் கையில். 126இலிருந்து 147 வரை இன்றைய கணக்கில் ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. காலியான பட்டம் எதையும் அவர் எடுக்கவில்லை. மூன்றும் சாம்பியனை அடித்து வாங்கியவை. 1940இல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் இறங்கி செஃபெரினோ கார்சியாவுடன் சமனில் முடித்தார். பல பிரிவுப் பட்டத்தின் மதிப்புக்கு உரைகல் வேண்டும் என்றால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

இதற்கு நேர்மாறு 1988 நவம்பர் 7. சுகர் ரே லெனர்ட், டபிள்யூபிசி லைட் ஹெவிவெயிட் சாம்பியன் டானி லலோண்டைச் சந்தித்தார். லைட் ஹெவிவெயிட் எல்லை 175. ஆனால் லலோண்ட் 168க்குள் வரவேண்டும் என்று ஒப்பந்தம். டபிள்யூபிசி புதிதாகத் தொடங்கிய 168 பவுண்டுப் பட்டத்தையும் அதே சண்டையில் வைத்தது. லெனர்ட் ஒரே இரவில் இரண்டு பிரிவுப் பட்டங்களுடன் வீடு திரும்பினார். மூன்று நாள் முன்னர்தான் தாமஸ் ஹேர்ன்ஸ், புதிதாகப் பிறந்த டபிள்யூபிஓவின் முதல் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை வென்று ஐந்து பிரிவுச் சாம்பியன் ஆகியிருந்தார். எண்ணிக்கைக்காக ஓடிய ஓட்டம் இது. லெனர்டின் பெருமை டுரான், ஹேர்ன்ஸ், ஹேக்லர் ஆகியோரை வென்ற 1980, 1981, 1987ஆம் ஆண்டுகளில் இருக்கிறது, 1988இல் இல்லை.

இப்படி இருவரும் பேசி முடிவு செய்யும் எடையைக் கேட்ச்வெயிட் என்பார்கள். பெரியவர் தன் வழக்கமான எடைக்குக் கீழே இறங்கும்போது தண்ணீரைத்தான் முதலில் இழக்கிறார். கடைசி நான்கு ஐந்து சுற்றுகளில் கால் நகராது, அடி தாங்காது. 2009இல் பாக்கியாவைச் சந்தித்த கோட்டோ 147க்குப் பதில் 145க்கு வந்தார். 2010இல் பாக்கியாவ் மார்கரிட்டோவுடன் மோதியது காலியான 154 பட்டத்துக்கு. எல்லை 150 என்று வைக்கப்பட்டது, பாக்கியாவ் தராசில் 145ஐக்கூடத் தொடவில்லை. 2013இல் மேவெதரைச் சந்தித்த 23 வயது கெனெலோ 152க்கு இறங்கினார். இவற்றை வெற்றி இல்லை என்று தள்ள வேண்டியதில்லை. 154 பவுண்டு ஆளை 154இல் வென்றதாக எண்ணக்கூடாது, அவ்வளவுதான்.

தராசைப் பற்றி இன்னொன்று. பழைய நாட்களில் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். 135 என்றால் வளையத்திலும் ஏறத்தாழ 135. இப்போது முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால் இரவோடு இரவாகப் பத்து பதினைந்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஐபிஎஃப் மட்டும் சண்டை நாள் காலையில் இரண்டாவது முறை எடை பார்த்து, எல்லைக்கு மேல் பத்து பவுண்டைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆகவே 1940களின் லைட்வெயிட்டையும் இன்றைய லைட்வெயிட்டையும் ஒரே அளவு உடலாகக் கற்பனை செய்வது தவறு. இன்றைய 135 பவுண்டு ஆள் அன்றைக்கு 140, 147இல் இருந்திருப்பார்.

சுற்றுகளும் மாறிவிட்டன. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரியாவின் கிம் டுக்-கூ இறந்த பிறகு டபிள்யூபிசி 15 சுற்றை 12 ஆக்கியது. மற்ற அமைப்புகள் பின்னர் அதே வழியில் வந்தன. வீரர்களின் உயிருக்கு அது தேவையான மாற்றம். ஆனால் காலங்களை ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும். 1941இல் பில்லி கான் இரண்டு நடுவர்களின் அட்டையில் முன்னணியில் இருந்தபோது 13ஆம் சுற்றில் ஜோ லூயிஸ் அவரை வீழ்த்தினார். 1952இல் ராக்கி மார்சியானோ, வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கி 13ஆம் சுற்றில் ஒரே குத்தில் பட்டம் வென்றார். 1981இல் ஹேர்ன்ஸிடம் பின்தங்கிய லெனர்ட் 14ஆம் சுற்றில் வென்றார். 12 சுற்றுக் கணக்கில் இந்த மூன்று பேரும் தோற்றிருப்பார்கள். மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) இருந்திருக்காது.

தற்காப்பு எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை தேவை. ஜோ லூயிஸ் 25 முறை தற்காத்தார், 1937 முதல் 1949 வரை. அப்போது ஹெவிவெயிட்டுக்கு அவர்தான் சாம்பியன், பக்கத்தில் வேறு பெல்ட் இல்லை. ஜோ கால்சாகி டபிள்யூபிஓ சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை 21 முறை தற்காத்தார். ஆனால் அவரை உலகம் முழு மனத்துடன் ஏற்றது 2006இல் ஜெஃப் லேசியை அடித்து நொறுக்கி, 2007இல் மிக்கெல் கெஸ்லரை வென்ற பிறகுதான். நம் வட்டாரத்தில் தாய்லாந்தின் காவ்சாய் கேலக்சி, டபிள்யூபிஏ 115 பவுண்டுப் பட்டத்தை 1984 முதல் 1991 வரை 19 முறை தற்காத்தவர். 47 வெற்றிகளில் 41 நாக்அவுட். அவருடைய இடக்கைக் குத்து அந்த எடையில் இதுவரை வந்தவற்றில் மிகக் கொடியது என்றே நினைக்கிறேன். மற்ற அமைப்புகளின் சாம்பியன்களுடன் பெல்ட்டை இணைக்கும் சண்டை மட்டும் நடக்கவில்லை. அந்த ஒரு குறைதான் அவரை உலகப் பட்டியல்களில் சற்றுக் கீழே வைக்கிறது.

நான்கு பெல்ட்டும் ஒருவரிடம் சேர்வதை, அதாவது அன்டிஸ்பியூட்டட் ஆவதை, இத்தனைக்குப் பிறகும் நான் மதிக்கிறேன். பெல்ட்டுகள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும்போது எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமானால் தப்பிக்க வழியில்லை. மற்றவர்களை வளையத்தில் சந்தித்தே ஆகவேண்டும். முதலில் இதைச் செய்தவர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 2004 செப்டம்பரில், மிடில்வெயிட்டில். மிகச் சிறப்பாகச் செய்தவர் என்று உசிக்கைச் சொல்வேன். குரூசர்வெயிட்டில் (200 பவுண்டு) குவோவாட்ஸ்கியைப் போலந்தில், பிரியெடிஸை ரிகாவில், காசியெவை மாஸ்கோவில் வென்றார். ஹெவிவெயிட்டுக்கு ஏறி ஜோஷுவாவை லண்டனில் வென்றார். எல்லாம் எதிராளியின் மண். உள்ளூர் நடுவர், உள்ளூர்க் கூட்டம் என்ற சாக்குக்கு அவர் இடமே வைக்கவில்லை.

ஆனால் நான்காவது பெல்ட் எப்போதும் பெரிய வெற்றி ஆகாது. இனோவே 118 பவுண்டில் பால் பட்லரிடமிருந்து 2022 டிசம்பரில் நான்காவதை எடுத்தார். பட்லருக்கு அந்தப் பெல்ட் வந்தது காசிமெரோவிடமிருந்து பறிக்கப்பட்ட பிறகு. அந்தப் பிரிவில் இனோவேயின் உண்மையான வேலை 2019இல் கிளாஸ்கோவில் இரண்டே சுற்றில் ரோட்ரிகெஸையும், அதே ஆண்டு சைத்தாமாவில் டொனேரையும் வென்றது. மூன்று பிரிவுகளில் நான்கு பெல்ட்டையும் சேர்த்த கிராஃபோர்டின் சாதனையையும் இப்படிப் பிரித்தே பார்க்கிறேன். 140இல் இண்டோங்கோ: ஒழுங்கான வெற்றி, பெரிய பெயர் இல்லை. 147இல் 2023 ஜூலையில் ஸ்பென்ஸ்: பிரிவின் முதல் இருவர், இருவரும் தோல்வி காணாதவர்கள், ஒன்பதாம் சுற்றில் முடித்தார், அவர் புகழின் உச்சம் இதுவே. 168இல் கெனெலோ: 154இலிருந்து இரண்டு பிரிவு தாவிய துணிச்சல், ஆனால் எதிரில் நின்றவருக்கு 35 வயது. பெண்களில் கிளாரெஸா ஷீல்ட்ஸ் இதே மூன்று பிரிவுச் சாதனையை 2025 பிப்ரவரியில், கிராஃபோர்டுக்கு முன்பே முடித்துவிட்டார் என்பதை ஆண்கள் பேச்சில் மறந்துவிடுகிறோம்.

எண்ணிக்கை ஏமாற்றும் என்பதற்கு ஏட்ரியன் புரோனர் போதும். 130, 135, 140, 147 என்று நான்கு பிரிவுகளில் பட்டம். 130, 140இல் காலியான பட்டங்கள். 2012இல் 130 பவுண்டுப் பட்டத்தைத் தராசிலேயே இழந்தவர். 2013இல் மைடானாவிடம் இரண்டு முறை கீழே விழுந்து தோற்றார். அவரை ஹேக்லருக்குப் பக்கத்தில் வைக்க யாரும் துணியமாட்டார்கள். மறுபக்கம் சாம் லாங்ஃபோர்ட், சார்லி பர்லி. நிறவெறியும் பேரமும் வழிமறித்ததால் உலகப் பட்டமே இல்லாமல் போனவர்கள். பர்லி 1944இல் ஆர்ச்சி மூரை வென்றவர். சுழியம் பெல்ட்டுடன் இவர்களை மிகச் சிறந்தவர்கள் வரிசையில் வைக்காத பட்டியலை நான் நம்புவதில்லை.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இங்கே விளம்பரத்தட்டியில் 'உலகப் பட்டம்' என்று பார்த்தால் அடுத்து வரும் எழுத்துகளைப் படியுங்கள். நான்கு பெரிய அமைப்புகளில் ஒன்றா, ஐபிஓ போன்ற அடுத்த நிலை அமைப்பா, இல்லை ஆசியப் பட்டமா? ஆசியப் பட்டம் கேவலமானது இல்லை. பெரிய அமைப்பின் வட்டாரப் பட்டத்தை வென்றால் அதன் முதல் 15 பேருக்குள் நுழையலாம், உலகப் பட்டச் சண்டைக்கு அந்த இடம் வேண்டும். நம் ரித்வான் அஹ்மத் 2018இல் ஐபிஓ பட்டத்துக்கு நமீபியாவின் பவுலஸ் அம்புண்டாவுடன் மோதிப் புள்ளிகளில் தோற்றார். அம்புண்டா முன்பு டபிள்யூபிஓ சாம்பியனாக இருந்தவர். பெல்ட்டின் பெயரைவிட எதிராளியின் பெயரால் அந்தச் சண்டைக்கு மதிப்பு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இறங்கி, 1974 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்ற சையது அப்துல் காதிர் போன்றவர்களின் அமெச்சூர் சாதனை வேறு கணக்கு. அதைத் தொழில்முறைப் பெல்ட்டுடன் கலக்கக்கூடாது. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள் நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப்பின் பெல்ட்டும் வேறு: ஒரே நிறுவனம் வீரரையும் ஒப்பந்தம் செய்து பட்டத்தையும் தருகிறது. லாஸ் வேகஸ் சனிக்கிழமை இரவுச் சண்டை நமக்கு ஞாயிறு காலை 11, 12 மணிக்கு வரும். தோக்கியோ சண்டை நம் இரவு உணவு நேரத்தில்.

நீங்களே ஒரு வீரரை மதிப்பிட விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். அவருடைய முழுச் சண்டைப் பட்டியலை எடுத்து, பெல்ட் பத்தியை மறைத்துவிட்டு, சிறந்த பத்து வெற்றிகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் அன்றைய வயது, அன்றைய தரவரிசை, அதற்கு முந்தைய மூன்று சண்டைகளின் முடிவு, எடை ஒப்பந்தம் ஆகியவற்றை எழுதுங்கள். எதிராளி பிறகு என்ன ஆனார் என்றும் பாருங்கள். தோற்றபின் வேறு பெரியவர்களை வென்றிருந்தால் அன்று அவர் முடிந்துபோனவர் இல்லை. அதன் பிறகு பெல்ட் பத்தியைத் திறந்து, எது சாம்பியனிடமிருந்து, எது காலியானது என்று பிரியுங்கள். பலரும் தவறுவது பெயரில். 2008இல் பாக்கியாவ் வென்ற டி லா ஹோயாவுக்கு 35 வயது. பல ஆண்டுகளாக விட்டிருந்த 147க்கு இறங்கி, தராசில் 145 காட்டி, வற்றிப்போய் வந்தார். அந்தப் பெயரின் முழு எடையையும் அந்த வெற்றிக்குத் தரமுடியாது.

பாக்கியாவை இந்த முறையில் போட்டால் வியப்பான ஒன்று தெரியும். எட்டில் ஆறு பிரிவுகள்தான் நான்கு அமைப்புகளின் பட்டங்கள்; 126, 140 இரண்டும் 'தி ரிங்', லீனியல் வழியில் வந்தவை. அந்த இரண்டும்தான் அவருடைய மிகச் சிறந்த வெற்றிகளில் சேர்பவை: 2003இல் பரேராவை 11ஆம் சுற்றில் நிறுத்தியது, 2009இல் ஹேட்டனை இரண்டாம் சுற்றில் சாய்த்தது. 2006இல் மொராலெஸை இரண்டு முறை வீழ்த்தியபோது உலகப் பட்டமே பணயத்தில் இல்லை. ஆனால் 135இல் டேவிட் டியாஸ், 154இல் மார்கரிட்டோ ஆகியோரை வென்றபோது பெல்ட் இருந்தது. அவைதான் எட்டில் மெலிந்தவை. அதற்குமேல் 2001இல் இரண்டு வார அவகாசத்தில் மாற்று ஆளாக வந்து லெட்வாபாவை வீழ்த்தியது, 2019இல் 40 வயதில் தோல்வி காணாத தர்மனை வென்றது.

ஹேக்லர் 1980 செப்டம்பரில் லண்டனில் மின்டரை வென்று, 1987 ஏப்ரல் வரை 12 முறை தற்காத்தார். ஆறரை ஆண்டும் மிடில்வெயிட் என்றால் ஹேக்லர்தான். மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. ஒபெல்மெகியாஸ், ஹாம்ஷோ, சிப்சன், ரோல்டான் எல்லாரும் அசல் மிடில்வெயிட்டுகள். டுரான், ஹேர்ன்ஸ், லெனர்ட் கீழிருந்து ஏறி வந்தவர்கள் என்ற குறை நியாயமானதே. அவர் தோற்ற கடைசிச் சண்டையில் பணயம் டபிள்யூபிசி பெல்ட் ஒன்றுதான். மற்ற அமைப்புகள் ஒதுங்கிக்கொண்டன. அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்றுக்கு ஒரு பெல்ட் போதுமானதாக இருந்தது.

ஆகவே ஒரு பிரிவை யார் அதிகமாக ஆண்டார் என்று கேட்டால் ஹேக்லர். யார் வென்ற பெயர்கள் கனமானவை என்று கேட்டால் பாக்கியாவ். பரேரா, மொராலெஸ், மார்க்கெஸ், ஹேட்டன், கோட்டோ என்ற வரிசைக்கு ஹேக்லரிடம் ஈடு இல்லை. மொத்தத்தில் பாக்கியாவை ஒரு படி மேலே வைக்கிறேன், அதுவும் இந்த ஐந்து பெயர்களுக்காக. அதே பட்டியலில் ஆம்ஸ்ட்ராங்கையும் சேர்த்தால் இருவரும் அவருக்குக் கீழே வருகிறார்கள்.